புழு மனையில் எடுத்த ஈயின் படம்: வீட்டு ஈயா, ஊசி ஈயா?

மல்பெரிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறேன். இப்போது புழு ஐந்தாம் பருவத்தில் இருக்கிறது. நேற்று சாயங்காலம் புழு வளர்க்கும் மனையின் சன்னல் வலையில், உள்பக்கமாக, ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. போனில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். மேலிருந்து எடுத்தது. சாம்பல் படிந்த கறுப்பு நிறம். முதுகில் நீளவாக்கில் நான்கு கறுப்புக் கோடுகள். வயிறு பின்னால் போகப் போகக் கூம்புகிறது.

பக்கத்து மனை அண்ணன் பார்த்துவிட்டு, பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ என்கிறார். போனில் இருக்கும் பூச்சி செயலியில் போட்டால் வீட்டு ஈ என்று வருகிறது. எது சரி? புழு கூடு கட்ட இன்னும் சில நாள்தான். இனம் என்ன என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி இறங்கலாம்.

தும்பிவேட்டை

படம் பார்த்தேன் அண்ணா. முதுகில் நான்கு கோடு இருந்தால் வீட்டு ஈ, மூன்று கோடு இருந்தால் சதை ஈ என்றுதான் படித்திருக்கிறேன். இதில் நான்கு தெளிவாகத் தெரிகிறது. செயலி சொன்னது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆறுகால்

தம்பி, அந்த நான்கு கோட்டு விதி வீட்டு ஈயையும் சதை ஈயையும் பிரிக்கத்தான் உதவும். மூன்றாவதாக ஒரு ஈ வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஊசி ஈக்கும் முதுகில் நான்கு கோடுதான். செயலியும் இங்கேதான் வழுக்குகிறது. வீட்டு ஈயின் படங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, ஊசி ஈயின் படங்கள் கொஞ்சம்தான். மேலிருந்து எடுத்த சாம்பல் நிற ஈ எதைக் கொடுத்தாலும் அது வீட்டு ஈயின் பக்கம் சாயும்.

இந்த ஒரு படத்திலிருந்து நான் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. வீட்டு ஈ ஆறு, ஏழு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஈ வலைமேல் உட்கார்ந்திருப்பது நமக்கு நல்லதாகப் போயிற்று, வலைக்கண்ணே அளவுகோல். மல்பெரிக்காரன், அந்த வலையில் வரிசையாகப் பத்துக் கண்களை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். ஈ எத்தனை கண் நீளம் என்று படத்தில் எண்ணிக்கொள்ளலாம். கண் மதிப்பில் சொல்லும் நீளத்தை நான் நம்புவதில்லை. புழு மனையில் பதற்றத்தோடு பார்க்கும்போது எல்லா ஈயும் பெரிதாகத்தான் தெரியும்.

இரண்டாவது வயிறு. வீட்டு ஈயின் வயிற்றில் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் சாயல் இருக்கும், இதில் இல்லை. சதை ஈயின் வயிறு சதுரங்கக் கட்டம் போட்டதுபோல் இருக்கும், வெளிச்சம் விழும் பக்கம் மாறினால் கட்டங்களும் இடம் மாறும். இதில் கட்டம் இல்லை, குறுக்குப் பட்டைகள் தெரிகின்றன. படத்தைப் பெரிதாக்கினால் வயிற்றின் பின்பகுதியில் முரட்டு முட்கள் நிற்பதுபோல் ஒரு நிழல். அது முள்தானா, படத்தின் மங்கலா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

டாக்கினிட் குடும்பம், அதாவது மற்றப் பூச்சிகளின் உடம்புக்குள் ஒட்டுண்ணியாக வளரும் ஈக்கள் என்று சந்தேகப்படுகிறேன். ஊசி ஈ அந்தக் குடும்பம்தான். ஆனால் சந்தேகத்தை உறுதியாக்க இரண்டு படம் வேண்டும். ஒன்று, நேர் பக்கவாட்டில், முதுகும் வயிறும் சேரும் இடம் தெரியும்படி. இன்னொன்று முகம். ஈயைப் பிடிக்க முடிந்தால் ஒரு டப்பாவில் போட்டுக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் அசையாமல் கிடக்கும், நிதானமாக எடுக்கலாம்.

தும்பிவேட்டை

பக்கவாட்டில் அப்படி என்ன தெரியும் ஐயா? நாங்கள் பெரும்பாலும் மேலிருந்துதான் எடுக்கிறோம், எல்லாம் ஒரே குவியத்தில் வரும் என்பதற்காக.

ஆறுகால்

ஈயின் முதுகுக்குப் பின்கோடியில் சின்ன முக்கோணக் கேடயம்போல் ஒரு தகடு இருக்கும். எல்லா ஈக்கும் உண்டு. டாக்கினிட் ஈக்களில் அந்தத் தகட்டுக்கு நேர் கீழே உருண்டையாக இன்னொரு புடைப்பு துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டு ஈயிலும் சதை ஈயிலும் நீல ஈயிலும் அப்படித் துருத்தி நிற்பதில்லை. மேலிருந்து பார்த்தால் தகடு மறைத்துவிடும், பக்கவாட்டில்தான் தெரியும். குடும்பத்தை முடிவு பண்ண இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

முகத்தில் பார்க்க வேண்டியது உணர்கொம்பு. ஈயின் உணர்கொம்பு குட்டையானது, அதிலிருந்து ஒரே ஒரு நீள முடி கிளம்பும். வீட்டு ஈக்கு அந்த முடி இறகு மாதிரி இரண்டு பக்கமும் கிளைத்திருக்கும். ஊசி ஈக்கு வெறும் முடி, கிளை கண்ணுக்குத் தெரியாது.

சிறகு நரம்பைப் பார்க்கச் சொல்லி யாராவது வருவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடு நரம்பு நுனியில் முன்பக்கமாக வளைவது வீட்டு ஈயிலும் உண்டு, சதை ஈயிலும் உண்டு, டாக்கினிட்டிலும் உண்டு. இந்த மூன்றையும் பிரிக்க அது உதவாது.

மல்பெரிக்காரன்

வலைக்கணக்குப் பார்த்தேன் ஐயா. ஈ பன்னிரண்டு மில்லிமீட்டர் வருகிறது. காலையில் இன்னொன்று சிக்கியது, குளிர வைத்துப் பக்கவாட்டிலும் முகத்திலும் எடுத்திருக்கிறேன். மகள் போனில் சின்ன மேக்ரோ லென்ஸ் மாட்டிக் கொடுத்தாள்.

கூடவே இன்னொரு படமும் போடுகிறேன், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. நாலைந்து புழுவின் உடம்பில் கறுப்பாக ஒரு புள்ளி. புழு இன்னும் தின்கிறது.

உடுமலை அக்கா

தம்பி, கறுப்புப் புள்ளி என்றால் முதலில் பெப்ரின் நோயா என்று பாருங்கள். ஈயை விட்டுத் தள்ளுங்கள். பெப்ரின் தாயிடமிருந்து முட்டை வழியாகக்கூட வரும், வந்தால் மனையில் இருக்கும் புழு முழுக்க எரிக்க வேண்டியதாகிவிடும். எங்கள் பக்கம் அந்தப் பேரைக் கேட்டாலே யாருக்கும் சோறு இறங்காது.

பட்டுத்துறை ஓய்வு

அம்மா சொல்வது நியாயமான பயம்தான். பெப்ரினைச் சும்மா விடக்கூடாது. 1865இலிருந்து சில வருஷம் லூயி பாஸ்டர் தெற்கு பிரான்சில் உட்கார்ந்து ஆராய்ந்தது இந்த நோயைத்தான். சுத்தமான தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான், இன்றைக்கும் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நம் வித்தகங்களில் அதையே செய்கிறார்கள்.

ஆனால் இந்தப் படத்தில் இருப்பது வேறு. பெப்ரின் புள்ளி மிளகுத்தூள் தூவினதுபோல் பொடிப்பொடியாக, உடம்பில் பல இடத்தில் இருக்கும். அதோடு புழுக்கள் ஒரே சீராக வளராது, சில பெரிது சில சிறிது, தோலுரிப்பும் முன்பின்னாக நடக்கும். மல்பெரிக்காரன் படத்தில் ஒரு புழுவுக்கு ஒரு தழும்பு, ஒன்றில் மட்டும் இரண்டு. தழும்பு பெரிதாக, ஓரம் தெளிவாக இருக்கிறது. மூன்றாவது புழுவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தழும்புக்கு ஒட்டினாற்போல் வெள்ளையாக அரிசி நொய் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறதா? அதுதான் ஈ முட்டையின் ஓடு.

ஊசி ஈ புழுவின் தோல்மேல் முட்டையை ஒட்டிவைக்கும். கிரீம் வெள்ளை, அரை மில்லிமீட்டர்தான் நீளம், கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் பொரித்து, ஈப்புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். போன வழி கறுத்துத் தழும்பாகும். இளம்புழுவை ஈ அதிகம் தொடாது. மூன்றாம் பருவத்துக்கு மேல்தான் தேடி வரும், நாலிலும் ஐந்திலும் அதிகம்.

அப்படியிருந்தாலும் அந்தப் புழுக்களில் இரண்டை எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள தொழில்நுட்ப சேவை மையத்தில் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பெப்ரின் இல்லை என்று படத்தை வைத்து நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், யாரும் கொடுக்கவும் கூடாது.

ஆறுகால்

பக்கவாட்டுப் படம் அருமையாக வந்திருக்கிறது, உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கேடயத் தகட்டுக்குக் கீழே அந்தப் புடைப்பு பளிச்சென்று தெரிகிறது. உணர்கொம்பு முடியில் கிளை இல்லை. வயிற்று வளையங்களின் பின்விளிம்பில் தடித்த முட்கள் நிற்கின்றன, முதல் படத்தில் நிழலாகத் தெரிந்தது அதுதான்.

குடும்பம் டாக்கினிடே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குமேல் ஒரு அடி போக நான் தயாராக இல்லை. இந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்க 8,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாம்பல் உடம்பு, நான்கு கோடு, முள் வயிறு என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி எத்தனையோ இருக்கின்றன.

இனத்தைச் சொல்லப் போவது அந்தப் புழுவின் தழும்புதான். பட்டுப்புழு, அதன்மேல் முட்டை ஓடு, அதே மனையில் டாக்கினிட் ஈ. தென்னிந்திய மல்பெரிப் பட்டுப்புழுவில் இந்த மூன்றும் சேர்ந்தால் எக்ஸோரிஸ்டா பாம்பைசிஸ் என்று எழுதலாம். அதாவது உங்கள் அண்ணன் சொன்ன ஊசி ஈ.

கோவை பூச்சியியல் மாணவி

ஆறுகால் சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். சில ஆய்வுக் கட்டுரைகளில் இதே ஊசி ஈயை எக்ஸோரிஸ்டா சார்பில்லன்ஸ் என்று எழுதியிருப்பார்கள். இன்னும் பழையவற்றில் டிரைக்கோலைகா என்ற பேரினத்தில் இருக்கும். தேடும்போது மூன்று பெயரையும் போட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் பாதித் தகவல் கைக்கு வராது. அதேபோல, தசார் பட்டுப்புழுவைத் தாக்கும் பிளெஃபாரிப்பா ஜெபினாவையும் ஊசி ஈ என்றே அழைக்கிறார்கள். அது வேறு பேரினம். அந்தப் பேரினத்தின் பழக்கமும் வேறு: இலையில் மிகச் சின்ன முட்டை வைக்கும், புழு இலையோடு சேர்த்து விழுங்கிவிடும். ஆகவே புழுவின் தோலில் முட்டை ஓட்டைப் பார்த்தது பெரிய சாட்சி.

தும்பிவேட்டை

எனக்கு இன்னும் ஒரு கேள்வி. நான் நல்ல கேமரா வைத்திருக்கிறேன். ஒரே ஈயை முப்பது படம் எடுத்து அடுக்கி, ஒவ்வொரு முள்ளும் தெரியும்படி கொடுத்தால் இனம் சொல்லிவிட முடியாதா?

கோவை பூச்சியியல் மாணவி

சில இனங்களில் முடியும். கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள டாக்கினிட்கள் உண்டு, அவற்றைப் படத்திலேயே சொல்லலாம். எக்ஸோரிஸ்டா போன்ற பேரினத்தில் கடினம். பல இனங்களை உறுதிப்படுத்த ஆண் ஈயின் வயிற்று நுனியைப் பிரித்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அது உடம்புக்குள் மடிந்திருக்கும், எவ்வளவு கூர்மையான படத்திலும் வராது. பெண் ஈயாக இருந்தால் அந்த வழியும் அடைப்பு.

ஆனால் உங்கள் கேமராவால் வேறொரு பெரிய உதவி செய்ய முடியும். எந்தப் புழுவிலிருந்து எந்த ஈ வந்தது என்பதைப் படமாகப் பதியுங்கள். புழு, அதிலிருந்து வந்த கூட்டுப்புழு, அதிலிருந்து வந்த ஈ, மூன்றும் ஒரே பதிவில். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நம் ஊர் டாக்கினிட் படங்கள் குடும்பம் என்ற மட்டத்திலேயே தேங்கிக் கிடக்கின்றன. ஓம்புயிர் எது, அதாவது ஈ எந்தப் புழுவுக்குள் வளர்ந்தது என்று எழுதின பதிவு ஒன்று வந்தால், வெறும் ஈ படம் நூறைவிட எங்களுக்கு அது பெரிது.

எல்லைப்புற விவசாயி

இவ்வளவு பேச்சு எதற்கு? மனையைச் சுற்றிப் பூச்சிமருந்து அடித்தால் ஈ, கொசு எல்லாம் ஒழிந்துவிடும். எந்த இனமாக இருந்தால் என்ன?

பட்டுத்துறை ஓய்வு

தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். பட்டுப்புழுவும் பூச்சிதான். சன்னல் வழியாக ஒரு சாரல் உள்ளே வந்தாலும், மல்பெரி இலையில் படிந்தாலும் உங்கள் புழுதான் முதலில் துடிக்கும். ஈ ஒரு பங்கு கூட்டைக் கெடுக்கும், மருந்து மொத்த மனையையும் காலி பண்ணிவிடும்.

ஆறுகால்

இனம் எதுவானால் என்ன என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே குடும்பத்தின் மற்ற ஈக்கள் உங்கள் வயலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. கரும்பில் இளங்குருத்துப் புழுவைக் கொல்லும் ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ் ஒரு டாக்கினிட் ஈ. அதை வளர்த்து வயலில் விடுகிறார்கள். தென்னையில் கருந்தலைப் புழுவைத் தாக்கும் டாக்கினிட் ஈயும் உண்டு. வேலி ஓரப் பூவில் தேன் குடிக்கும் முள் வயிற்று ஈயைப் பார்த்து ஊசி ஈ என்று அடித்தால், காய்ப்புழுவுக்கு எதிரி ஒன்று குறைகிறது. படத்தை வைத்து அவசரப்பட்டுப் பேர் வைப்பதால் வரும் நஷ்டம் இதுதான்.

உடுமலை அக்கா

எங்கள் மனையில் செத்த புழுவை எடுக்க ஒரு நாள் தாமதமானால் கூனல் முதுகோடு சின்னச் சின்ன ஈ ஓடும். அதுவும் இதுவா?

கோவை பூச்சியியல் மாணவி

இல்லை அக்கா. கூனல் முதுகு, பறப்பதைவிட ஓடுவது அதிகம் என்றால் அது ஃபோரிட் ஈ. செத்ததையும் அழுகினதையும் தேடி வருவது. சதை ஈயும் அப்படித்தான் வரும். மனையில் இருக்கும் ஈ எல்லாம் ஒட்டுண்ணி இல்லை. உயிரோடு தின்றுகொண்டிருக்கும் புழுமேல் முட்டை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மல்பெரிக்காரன்

சேவை மையத்தில் காட்டிவிட்டேன், பெப்ரின் வித்து எதுவும் இல்லை என்றார்கள். அப்பாடா என்று இருந்தது.

இன்னொரு படம். புழுத் தட்டுகளை அடுக்கும் தாங்கியின் கால் ஓரத்தில், தரை வெடிப்பில், கருஞ்சிவப்பாக நீள உருண்டையில் கூட்டுப்புழு மாதிரி கிடைத்தன. ஒரு சென்டிமீட்டர் நீளம். ஊசி ஈயின் கூடா, சதை ஈயுடையதா? இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

ஆறுகால்

முடியும். கூட்டின் பின்முனையைப் பாருங்கள். மூச்சுத்துளைகள் இரண்டு பக்கம் பக்கமாக இருக்கும். சதை ஈயாக இருந்தால் அவை ஒரு ஆழமான குழிக்குள் புதைந்திருக்கும், முனையில் கிண்ணம் வைத்ததுபோல். உங்கள் படத்தில் குழி இல்லை, இரண்டும் மேற்பரப்பிலேயே கறுப்பு மேடாகத் தெரிகின்றன. எனவே சதை ஈ கிடையாது.

அவற்றில் நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். கண்ணாடிக் குப்பியில் லேசாக ஈரமான மணல், மேலே கூட்டை வைத்து, மெல்லிய துணியால் வாயை இறுக்கிக் கட்டுங்கள். மனைக்குள் வைக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நாளில் ஈ வெளியே வரும். வந்த உடனே கொல்லாமல் ஒரு நாள் விடுங்கள், உடம்பும் நிறமும் முற்றிக் கெட்டிப்படட்டும். அப்புறம் ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, உலர்ந்த நிலையில் ஊசி குத்தி வையுங்கள். ஆல்கஹாலில் போட்டால் உடம்பின் சாம்பல் பூச்சு போய்விடும், முட்கள் ஒட்டிக்கொள்ளும். வெற்றுக் கூட்டையும் அதே ஊசியில் ஒட்டுங்கள். ஊர், தேதி, மல்பெரிப் பட்டுப்புழு ஐந்தாம் பருவம் என்று சீட்டில் எழுதுங்கள். ஆண் ஈ வந்தால் மாணவிக்கு அனுப்புங்கள், பிரித்துப் பார்த்துச் சொல்வார்.

குப்பியில் ஈக்குப் பதிலாகப் பொடிக் குளவிகள் கூட்டமாக வந்தால் பதறாதீர்கள். அது நமக்கு நல்ல செய்தி.

மல்பெரிக்காரன்

அனுப்புகிறேன் ஐயா. இனி மனையில் என்ன செய்வது? இந்த ஈ எங்கள் பக்கம் எப்படித்தான் வந்தது?

பட்டுத்துறை ஓய்வு

மேற்கு வங்கத்தில் வெகு காலமாக இருந்தது. 1980இல் பட்டுக்கூடுகளோடு கூடவே கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்தது, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. கூட்டுக்குள் இருக்கும் ஈப்புழு லாரியில் ஏறிப் போகும், பட்டுக்கூடு அங்காடித் தரையில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். மழைக்காலத்தில் தாக்குதல் அதிகம்.

இப்போது ஐந்தாம் பருவத்தில் முட்டை விழுந்தால் பெரும்பாலான புழு கூடு கட்டிவிடும், அப்புறம் ஈப்புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டில் இழை அறுந்துவிடும், நூற்க உதவாது. நான்காம் பருவத்திலேயே விழுந்திருந்தால் கூடு கட்டும் முன்பே புழு செத்துப்போகும்.

செய்ய வேண்டியது: வலையில் கிழிசல் இருந்தால் இன்றைக்கே தைக்கவும். கதவு ஒன்றுதான் என்றால் முன்னால் வலை போட்ட சிறு அறை அவசியம், இலை கொண்டுவரும்போதுதான் ஈ நுழைகிறது. ஊசி ஈப்பொறி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தட்டில் ஊற்றி, சன்னல் மட்டத்தில் உள்ளேயும் வெளியேயும் வையுங்கள். ஊசிசைடு என்ற மருந்து ஈ முட்டையை மட்டும்தான் கொல்லும், உள்ளே போன ஈப்புழுவை ஒன்றும் செய்யாது. அதனால் தழும்பு விழுந்த புழுவுக்கு அது வீண், அந்தப் புழுக்களைத் தனியாக எடுத்துவிடுங்கள். கீழே விழும் ஈப்புழுவையும் கூட்டுப்புழுவையும் குப்பையில் கொட்டாமல் சோப்புக் கரைசலில் போட வேண்டும். குப்பையில் போட்டால் அங்கேயே ஈயாகித் திரும்பி வரும்.

ஆறுகால் சொன்ன பொடிக் குளவி நெசோலின்க்ஸ் தைமஸ். ஊசி ஈயின் கூட்டைத் துளைத்து, உள்ளிருக்கும் கூட்டுப்புழுமேல் முட்டை வைத்து அதைக் கொல்லும், பட்டுப்புழுவைத் தொடாது. நூறு முட்டைத் தொகுதிக்கு (ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி) ஒரு லட்சம் குளவி என்று கணக்கு வைத்துப் பையில் தருகிறார்கள்.

மல்பெரிக்காரன்

பக்கத்து மனை அண்ணனிடமும் அடுத்த தெருக்காரர்களிடமும் பேசிவிட்டேன். குளவிப் பை எல்லாருக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறோம், ஒரே நாளில் விடுவதாக ஏற்பாடு. ஒருத்தர் மட்டும் விட்டால் மற்றவர் மனையிலிருந்து ஈ வந்துகொண்டேதான் இருக்கும் என்று அண்ணனே சொன்னார்.

பட்டுத்துறை ஓய்வு

நல்ல ஏற்பாடு தம்பி. பையை இரவில் திறந்துவிடுங்கள், எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து. விட்ட பிறகு மனைக்குள் கிருமிநாசினி அடிக்க வேண்டாம். அறுவடை முடிந்ததும், புழு கூடு கட்டும் சந்திரிகைத் தட்டுகளை அடுக்கி வைக்கும் இடத்திலும் குப்பைக்குழி ஓரத்திலும் ஒரு பங்கு விடுங்கள், கூட்டுப்புழு அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான்.